அறுந்த தந்திக்கு ஒரு புதுப் பாலம்



முதுகெலும்பு வேறு, அதற்குள் ஓடும் தண்டுவடம் வேறு என்பதை முதலில் தெரிந்துகொள்ள வேண்டும். எலும்பு முறிந்தால் கூடும். தகடும் திருகாணியும் வைத்து வைத்தியர் அதை நிறுத்தியும் விடுவார். உள்ளேயிருக்கும் தண்டுவடமோ நைந்துபோனால் கூடுவதில்லை. மூளை உத்தரவு போடுகின்றது; காலும் காலாகவே இருக்கின்றது; நடுவில் தந்திக் கம்பி அறுந்து கிடக்கின்றது. இதற்குக் காரணம் தேடிப் பூர்வஜென்மம் வரையில் போகவேண்டிய அவசியமென்ன என்று கேட்கின்றோம்.

ஏறக்குறைய 3600 வருஷங்களுக்கு முன் எகிப்தில் பிரதி செய்யப்பட்ட எட்வின் ஸ்மித் சுவடியில் 48 நோயாளிகளின் சங்கதி இருக்கின்றது. கழுத்து முள்ளெலும்பு பிசகிக் கையும் காலும் உணர்ச்சியற்றுப் போனவனைப் பற்றி, இது சிகிச்சைக்குரியதல்ல என்று அதில் கண்டிருக்கின்றது. அவனுக்கு மந்திரம் ஓதச் சொல்லவில்லை. அந்த யோக்கியப் பொறுப்புக்காக அவ்வைத்தியனை நாம் மெச்சுகின்றோம்.

அதன் பின்னும் வெகுகாலம் இத்தகையோரில் பெரும்பாலோர் படுக்கைப்புண்ணாலும் மூத்திரப்பைச் சீழாலும் மாண்டார்கள். ஹிட்லர் ஆட்சிக்குத் தப்பி 1939-ல் இங்கிலாந்து வந்த லுட்விக் குட்மான் என்னும் யூத வைத்தியர், 1944-ல் ஸ்டோக் மாண்டவில் ஆஸ்பத்திரியில் இவர்களை இரவு பகலாய் இரண்டு மணிக்கொருதரம் புரட்டிப் படுக்க வைத்தார். ஆட்கள் பிழைத்தார்கள். ஆனால் நடக்கவில்லை.

இப்பொழுது புதுச் சங்கதிக்கு வருவோம். சுவிட்சர்லாந்தில் லோசான் நகரில் கிரெகுவார் கூர்த்தின் என்னும் நரம்பு ஆராய்ச்சியாளரும், ஜோஸ்லின் பிளாக் என்னும் பெண் ரணசிகிச்சை வைத்தியரும் சேர்ந்து வேலை செய்கின்றார்கள். (மண்டையோட்டைத் திறக்கும் கத்தி ஒரு பெண்ணின் கையில் இருப்பதைக் கவனியுங்கள்.) இவர்கள் 2018-ல் மூவருக்குத் தண்டுவடத்தின் மேல் மின்தகடு பதித்து, தக்க சமயத்தில் மின்சாரம் செலுத்திக் காலடி எடுத்து வைக்கச் செய்ததை வெளியிட்டார்கள். 2023-ல் இன்னும் ஒருபடி மேலே போனார்கள். பத்து வருஷத்துக்கு மேல் முடங்கியிருந்த ஒருவரின் மண்டையோட்டில் இரண்டு இடங்களில் வட்டமாய் எலும்பை எடுத்து, 64 மின்முனைகள் கொண்ட கருவியொன்றை ஒவ்வொன்றிலும் பொருத்தினார்கள். நடக்க வேண்டுமென்று அவர் நினைக்கும்போது மூளையில் எழும் மின் அசைவை அக்கருவிகள் பிடிக்கின்றன; முதுகில் சுமக்கும் கணக்கு யந்திரம் அதற்குப் பொருள் கண்டு, இடுப்புப் பக்கத் தண்டுவடத்துக்கு அனுப்புகின்றது. அவர் நினைத்தார், நடந்தார், படியும் ஏறினார். பழகிய பிறகு யந்திரத்தை நிறுத்திய வேளையிலும் ஊன்றுகோலுடன் சிறிது நடந்தார்.

இதை அற்புதமென்று யாரும் கொண்டாட வேண்டாம். அவருடைய தண்டுவடம் முற்றும் அறுந்ததல்ல. நைந்த இடம் நைந்தபடியேதான் இருக்கின்றது. அதைத் தாண்டிப் பாலம் போட்டிருக்கின்றார்கள், அவ்வளவே. அந்த 2023 பரீட்சையும் ஒரே ஒருவரிடம் செய்யப்பட்டது. இவ்வளவையும் அவர்களே ஒளிக்காமல் எழுதியிருக்கின்றார்கள்.

ஆகவே, முடங்கியவரை ஒரே ஊசியில் எழுப்பிவிடுகிறோம் என்று பணம் கேட்டு எவனாவது உங்களிடம் வந்தால், எத்தனை பேருக்குப் போட்டாய், எழாதவர் எத்தனை பேர், அந்தக் கணக்கை எங்கே அச்சிட்டிருக்கிறாய் என்று கேளுங்கள். பணப்பையை அதுவரை அவிழ்க்காதீர்கள்.