மெதுவாய் ஓடும் படம்



எங்கள் திருவாலங்காட்டு இரத்தின சபையில் இறைவன் ஒரு காலை மேலே தூக்கி ஆடும் ஊர்த்துவ தாண்டவக் கோலத்தில் விளங்குகிறார். ஓடிப் போகும் ஆட்டத்தில் ஒரு கணத்தை நிறுத்திக் காட்டுவது சிற்பக் கலை. அக்கணத்தை நீட்டிக் காட்டுவதற்கும் ஒரு கலை உண்டு. அதனை ஸ்லோ மோஷன் என்பர். ஆஸ்திரிய நாட்டுப் பாதிரியார் ஆகஸ்ட் முஸ்கர் 1904-ஆம் ஆண்டில் அதற்கான கருவிக்குக் காப்புரிமை பெற்றார். இன்றோ, கைபேசியே அவ்வேலையைச் செய்துவிடுகிறது.

கல்லூரியில் பயிலும் என் பேரன், இத்தகைய படத்துணுக்குகளை எடுத்து, அவற்றைச் சேமித்து விற்கும் நிலையங்களுக்கு அனுப்ப விரும்பினான். விளம்பரம் செய்வோரும் செய்திப்படம் எடுப்போரும் வேண்டிய காட்சியை அங்கே விலைக்குப் பெறுகின்றனர். சென்ற தை மாதத்தில், களத்துமேட்டில் மூதாட்டி ஒருவர் நெல் தூற்றுவதைப் படமெடுக்கச் சென்றான். நானும் உடன் சென்றேன்.

இதன் அடிப்படை எளிய கணக்கே. திரைப்படம் விநாடிக்கு 24 படங்களாக ஓடுகிறது. விநாடிக்கு 120 படங்கள் எடுத்து, 24 வீதம் ஓட்டினால், 3 விநாடிச் செயல் 15 விநாடியாக நீளும். 24 வீதமே எடுத்துவிட்டுப் பிறகு நீட்ட முயன்றால், கையில் இருப்பவை 72 படங்கள், வேண்டியவை 360. எஞ்சிய 288 படங்களையும் கணிப்பொறி ஊகித்து நிரப்ப வேண்டும். பறக்கும் பதர் அப்போது குழம்பித் தோன்றும். ஆகவே, எடுக்கும்போதே இதைத் தீர்மானித்துவிட வேண்டும்.

வேகம் கூடினால், ஒவ்வொரு படத்துக்கும் கிடைக்கும் ஒளி குறையும். எனவே நல்ல வெயில் வேண்டும். அறையினுள் எடுப்போருக்கு வேறொரு தொல்லை உண்டு. நம் நாட்டு மின்சாரத்தில் விளக்கொளி விநாடிக்கு 100 முறை ஏறி இறங்குகிறது. கண்ணுக்குத் தெரியாத அத்துடிப்பு, மெதுவாய் ஓடும் படத்தில் சிமிட்டலாய் வெளிப்படும்.

அனுப்புமுன் தொடக்கத்திலும் முடிவிலும் உள்ள ஆட்டத்தை வெட்டிவிட வேண்டும். சாக்கில் அச்சிட்ட நிறுவனப் பெயர் தெரியலாகாது. காட்சியில் உள்ளதையே தலைப்பாக எழுத வேண்டும்.

முகம் தெரிந்தால், அம்மனிதர் கையொப்பமிட்ட இசைவுக் கடிதத்தையும் நிலையத்தார் கேட்பர். பேரன் தாளை நீட்டினான். மூதாட்டியோ, "ஏன் கண்ணு, இதை வாங்குறவங்க எதுக்குக் காட்டுவாங்க?" என்று கேட்டார்.

அவன் விழித்தான். அரிசி விளம்பரத்துக்கும் வாங்கலாம். வறுமையைப் பற்றிய படத்துக்கும் வாங்கலாம். விற்ற பின் அது நம் கையில் இல்லை. "தெரியாது, ஆயா" என்று உண்மையைச் சொன்னான்.

"அப்போ மூஞ்சி வேணாம். கை இருக்கட்டும்" என்றார் அவர்.

முதலில் எடுத்த துணுக்கில் அவர் முகமும் இருந்தது. அன்று எடுத்தவற்றுள் அழகிற் சிறந்தது அதுவே. சற்றே தயங்கியவன், அதை அவர் கண்முன்னே அழித்துவிட்டு, முறத்தையும் கைகளையும் மட்டும் மீண்டும் எடுத்தான். நாற்பதாண்டுகளுக்கு அண்மையாய் ஆசிரியத் தொழில் புரிந்த நான், அன்று அவனுக்குச் சொல்லித் தர வேண்டியது ஒன்றும் இருக்கவில்லை.

இளைஞர்களே, உங்கள் கையிலும் அக்கருவி இருக்கிறது. பிறர் முகத்தைப் படமெடுக்குமுன், அம்மூதாட்டி கேட்ட கேள்வியை நீங்களே உங்களைக் கேட்டுக்கொள்ளுங்கள்.