அடித்தேன், அடித்துவிட்டேன்: ஆற்றங்கரையில் ஒரு துணைவினை



மொழியியல் பற்றிப் பேசுமாறு என்னை அழைத்தார்கள். நான் சிங்கப்பூர் ஆற்றின் பாலங்களைப் பற்றியும், இன்று நம் நாட்டில் இல்லாத நடுவர் குழு முறையைப் பற்றியும் பேச எண்ணியுள்ளேன். இவ்விரண்டையும் இணைப்பது என் தந்தையார் நீதிமன்றத்தில் கேட்ட ஒரு சொல். அந்தச் சொல்லே என்னை மொழியியலுக்குக் கொண்டுவந்து சேர்த்தது.

ஆறும் பாலங்களும்

நம் ஆறு மிகச் சிறியது. ஏறக்குறைய மூன்று கிலோமீட்டர் நீளமே கொண்டது. ஆனால், இந்நகரம் அதன் கரையில்தான் வளர்ந்தது. நாம் நாள்தோறும் சொல்லும் சாலைப் பெயர்களே அதற்குச் சான்று. நார்த் பிரிட்ஜ் ரோடு, சவுத் பிரிட்ஜ் ரோடு என்னும்போது வடக்கும் தெற்கும் எதற்கு என்று நாம் கேட்பதில்லை. இன்று எல்ஜின் பாலம் நிற்கும் இடத்துக்கு வடக்கே செல்வது ஒன்று, தெற்கே செல்வது மற்றொன்று. அதற்குப் பின்னர் 1840இல் கோல்மன் பாலம் கட்டப்பட்டது. அது புதிய பாலம் ஆனதால் அங்கிருந்து சென்ற சாலை நியூ பிரிட்ஜ் ரோடு ஆயிற்று. பழைய பாலம் போய்விட்டது. 'புதிய' என்னும் அடைமொழி மட்டும் இன்றும் சாலைப் பலகையில் நிற்கிறது. சொற்கள் இவ்வாறுதான் வரலாற்றைச் சுமக்கின்றன.

ஆற்றின் முகத்துவாரத்தை ஒட்டி நிற்பது கேவனா பாலம். 1869இல் கட்டி முடிக்கப்பட்டது. முதலில் அமைந்த வடிவிலேயே இன்றுவரை நிற்கும் நம் பழம்பெரும் பாலம் அதுவே. அதன் இரும்புப் பகுதிகள் கிளாஸ்கோவில் வார்க்கப்பட்டுக் கப்பலில் வந்தன. இங்கே அவற்றைப் பொருத்தி எழுப்பியதில் இந்தியக் கைதிகளின் உழைப்பு உண்டு. ஆற்றில் தொடக்கக் காலத்தில் சரக்குப் படகு வலித்தவர்களுள் பெரும்பாலோர் சோழமண்டலக் கரையிலிருந்து வந்த சூலியாக்கள். ஆக, பாலத்தின் மேலும் கீழும் நம்மவர் வியர்வை இருக்கிறது.

அப்பாலத்துக்குக் குறைகளும் உண்டு. உயரம் குறைவாதலால் கடல் ஏற்றத்தின்போது படகுகள் அதன் அடியில் நுழைய இயலவில்லை. போக்குவரத்து பெருகியபோது பாரமும் தாங்கவில்லை. எனவே, 1910இல் அருகிலேயே ஆண்டர்சன் பாலம் திறக்கப்பட்டது. கேவனா பாலம் நடப்பவர்களுக்கு என ஒதுக்கப்பட்டது. மூன்று ஹண்டிரட்வெயிட்டுக்கு, அதாவது ஏறக்குறைய 152 கிலோகிராமுக்கு மேற்பட்ட வண்டிகளும், மாடுகளும் குதிரைகளும் செல்லக்கூடாது என்னும் அறிவிப்புப் பலகையை இன்றும் அங்கே காணலாம். தன்னால் எவ்வளவு சுமக்க முடியும் என்பதை வெளிப்படையாகச் சொல்லும் பாலம் அது. 2019இல் கேவனா, ஆண்டர்சன், எல்ஜின் ஆகிய மூன்று பாலங்களும் தேசிய நினைவுச் சின்னமாக அறிவிக்கப்பட்டன.

எழுவர்

கேவனா பாலத்தைக் கடந்து பாடாங் பக்கம் நடந்தால் சில நிமிடங்களில் பழைய உச்ச நீதிமன்றக் கட்டடத்தை அடையலாம். 1939இல் திறக்கப்பட்ட அக்கட்டடம் இன்று தேசியக் கலைக்கூடத்தின் ஒரு பகுதி. ஒரு காலத்தில் அங்கே நீதிபதியோடு எழுவர் கொண்ட நடுவர் குழுவும் அமர்ந்தது. செய்தித்தாள்கள் அவர்களை 'ஜூரிகள்' என்றன. 'அறங்கூறாயர்' என்று எழுதியோரும் உண்டு. உறையூர் தன் அறங்கூறவையத்தால் புகழ்பெற்றது என்று சங்க இலக்கியம் சுட்டுவதை நினைந்தே அச்சொல் ஆக்கப்பட்டிருக்க வேண்டும்.

1959க்குப் பின் மரண தண்டனைக்குரிய வழக்குகளில் மட்டுமே நடுவர் குழு இருந்தது. 1969இல் அதுவும் நீக்கப்பட்டது. மலேசியாவில் அம்முறை 1995வரை நீடித்தது. இங்கே நீக்கப்பட்டபோது இரு தரப்பிலும் வலுவான வாதங்கள் எழுந்தன. வழக்கறிஞர் டேவிட் மார்ஷல் நடுவர் குழு வேண்டும் என்று வாதாடினார். திரு லீ குவான் இயூ அதில் நம்பிக்கை கொள்ளவில்லை. இளம் வழக்கறிஞராக நடுவர் குழுவின்முன் வாதாடிப் பெற்ற வெற்றியே தமக்கு மனநிறைவு தரவில்லை என்று அவர் பின்னாளில் எழுதினார்.

தமிழர் நினைவில் அழியாத நடுவர் குழு வழக்கு ஒன்று உண்டு. லட்சுமிகாந்தன் கொலை வழக்கில் 1945இல் தியாகராஜ பாகவதரும் என்.எஸ். கிருஷ்ணனும் குற்றவாளிகள் எனச் சென்னையில் நடுவர் குழு முடிவு கூறியது. பிரிவி கவுன்சில் வழக்கை மீண்டும் ஆராயப் பணித்த பின், 1947இல் இருவரும் விடுவிக்கப்பட்டனர். சில மனிதர் கூடிச் சொல்லும் ஒரு சொல் எவ்வளவு பாரமுடையது என்பதற்கு அதுவே போதிய சான்று.

தந்தையார் கேட்ட சொல்

அறுபதுகளில் ஒரு நாள் என் தந்தையாருக்கு அழைப்பாணை வந்தது. அவர் படகுத்துறைக்கு அருகில் ஒரு வணிக நிறுவனத்தில் எழுத்தராக இருந்தார். விசாரணை ஆங்கிலத்தில் நடந்ததால் ஆங்கிலம் அறிந்தவர்களே நடுவராக முடியும். எழுவருள் அவர் ஒருவரே தமிழர். வழக்கோ தமிழ்த் தொழிலாளர் இருவரிடையே மூண்ட சண்டையில் ஒருவர் இறந்ததைப் பற்றியது. அப்போது நான் சிறு பிள்ளை. பல நாள் அவர் காலையில் வெள்ளைச் சட்டை அணிந்து சென்றதும், இரவில் எதுவும் பேசாமல் உணவருந்தியதும் மட்டுமே என் நினைவில் உள்ளன.

1983ஆம் ஆண்டு. ஆற்றைத் தூய்மைப்படுத்தும் திட்டத்தில் சரக்குப் படகுகள் யாவும் பாசிர் பாஞ்சாங்குக்கு மாற்றப்பட்ட ஆண்டு அது. படகுகள் போவதைப் பார்க்க வேண்டும் என்று தந்தையார் என்னை அழைத்துச் சென்றார். கேவனா பாலத்தின் நடுவில் நின்றபோதுதான் அவர் அந்த வழக்கைப் பற்றி முதன்முறையாகப் பேசினார். நடுவர் அறையில் நடந்த எதையும் சொல்லவில்லை. அது சொல்லக்கூடாதது என்று சொல்லிவிட்டார். திறந்த மன்றத்தில் எல்லாரும் கேட்டதை மட்டும் சொன்னார்.

சாட்சிக் கூண்டில் ஒரு முதியவர். சண்டை முடிந்ததும் குற்றம் சாட்டப்பட்டவர் அவரிடம் ஓடிவந்து, "அண்ணே, அவன அடிச்சிட்டேண்ணே" என்றாராம். மொழிபெயர்ப்பாளர் அதை ஆங்கிலத்தில் கூறினார். 'அவனை அடித்தேன்' என்னும் அளவே அதில் இருந்தது. சொற்பொருளில் பிழை இல்லை. ஆயினும், தந்தையாருக்கு ஏதோ ஒன்று வழியில் விழுந்துவிட்டதாகத் தோன்றிற்று. ஒரு சீட்டில் எழுதித் தலைமை நடுவரிடம் தந்தார். அது நீதிபதியிடம் சென்றது. நீதிபதி மொழிபெயர்ப்பாளரைக் கேட்டார். 'அடித்தேன் என்பதே பொருள், கனம் நீதிபதி அவர்களே' என்றார் அவர். நீதிபதி நடுவர்களை நோக்கி, வேறு ஏதேனும் கேட்க வேண்டுமா என்றார்.

"எனக்கு வேறுபாடு தெரிந்தது. ஆனால், என்ன வேறுபாடு என்று சொல்லத் தெரியவில்லை. இல்லை என்று தலையை அசைத்தேன்" என்றார் தந்தையார்.

அவ்வழக்கில் கொலைக் குற்றம் மெய்ப்பிக்கப்படவில்லை. அதனினும் குறைந்த குற்றமே உறுதியாயிற்று. காரணம் எதுவென்று நான் கேட்கவில்லை. கேட்பது முறையும் அன்று. "வேறு விதமாக முடிந்திருந்தால், அந்தத் தலையசைப்பை என்ன செய்திருப்பேன்?" என்று மட்டும் அவர் கேட்டார். அதற்கு என்னிடம் மறுமொழி இல்லை. நாங்கள் கரை திரும்பும்வரை இருவரும் பேசவில்லை.

'விடு' செய்யும் வேலை

தந்தையாரால் சொல்ல முடியாமற்போனதை இன்று சொல்லிப் பார்க்கிறேன்.

'அடித்தேன்' என்பது நிகழ்ந்ததைச் சொல்கிறது. 'அடித்துவிட்டேன்' என்பதும் அதையே சொல்கிறது. அதனோடு வேறு ஒன்றையும் சேர்க்கிறது. இங்கே 'விடு' தன் சொந்தப் பொருளை இழந்து துணைவினை ஆகிறது. செயல் முடிந்தது, இனி அதை மாற்ற இயலாது என்னும் முடிவுத்தன்மையை முதலில் தருகிறது. அதற்குமேல், பேசுபவரின் மனநிலையும் அதில் ஏறிக்கொள்ளும். 'குழந்தை கண்ணாடியை உடைத்தது' என்றால் செய்தி. 'உடைத்துவிட்டது' என்றால், அந்தோ, இப்படி ஆயிற்றே என்னும் குறிப்பு. நினையாமல் நிகழ்ந்தது என்பதும் வருத்தமும் அதில் தொனிக்கும்.

துணைவினைகள் யாவும் இத்தகைய நுண்ணிய வேலை செய்கின்றன. 'பூட்டிவைத்தேன்' என்பதில் பின்னால் வரப்போவதை எண்ணிச் செய்த முன்னேற்பாடு தெரியும். 'கொடுத்துத் தொலைத்தேன்' என்பதில் எரிச்சல் தெரியும். கொடுத்த பொருள் ஒன்றே. கொடுத்த மனம் வேறு. மனம் எதுவென்று அறிவதே கொலை வழக்கின் மையக் கேள்வி அல்லவா? கொல்லும் எண்ணம் இருந்ததா, இல்லையா என்பதில் ஓர் உயிர் தொங்குகிறது.

இங்கே நான் நேர்மையாக மற்றொன்றையும் சொல்ல வேண்டும். 'விடு' எப்போதும் வருத்தத்தைக் குறிப்பதில்லை. 'வேலையை முடித்துவிட்டேன்' என்று பெருமையோடும் சொல்கிறோம். 'பழி தீர்த்துவிட்டேன்' என்று வெறியோடும் சொல்ல முடியும். ஆகவே, அந்த மொழிபெயர்ப்பாளர் 'தெரியாமல் அடித்தேன்' என்று மாற்றியிருந்தால் அது பெரும் பிழை. இலக்கணம் அங்கே தீர்ப்பைத் தராது. கேட்க வேண்டிய கேள்வியைத் தரும். 'அவர் எந்தக் குரலில் சொன்னார்? அப்போது அவர் முகம் எப்படி இருந்தது?' என்று சாட்சியிடம் மேலும் கேட்டிருக்கலாம். 'ஐயா, இவ்வினைவடிவம் பலவகையாகப் பொருள்படும். சாட்சியிடமே விளக்கம் கேட்க வேண்டும்' என்னும் ஒரு வாக்கியம் போதும். அதைச் சொல்ல அன்று ஒருவரும் இல்லை. மொழிபெயர்ப்பாளரைக் குறை சொல்ல எனக்கு மனம் இல்லை. ஒரு மொழியிலிருந்து இன்னொரு மொழிக்குக் கட்டிய பாலம் ஒவ்வொன்றுக்கும் பார எல்லை உண்டு. கேவனா பாலத்தில் அந்த எல்லையைப் பலகையில் எழுதிவைத்திருக்கிறார்கள். மொழிபெயர்ப்பில் அதை அறிந்தவர்தான் எழுந்து சொல்ல வேண்டும்.

வகுப்பறைக்கு

ஆசிரியர்களே, துணைவினையை நாம் எவ்வாறு கற்பிக்கிறோம்? பெரும்பாலும் பட்டியலாக, தேர்வுக்கு இரண்டு மதிப்பெண்ணாக. மாற்றாக, 'அவன் போனான், போய்விட்டான், போய்த் தொலைந்தான்' என்று மூன்றையும் கரும்பலகையில் எழுதி, ஒவ்வொன்றையும் யார், யாரிடம், எப்போது சொல்வார் என்று கேட்டுப் பாருங்கள். வீட்டில் தமிழ் குறைவாகப் பேசும் பிள்ளையும் ஏதோ ஒன்றை உணரும். உணர்ந்ததைச் சொல்ல அதற்குச் சொல் தருவதே நம் பணி.

மாணவர்களே, நீங்கள் எவரும் நடுவராக அமரப்போவதில்லை. அந்த இருக்கை இந்நாட்டில் இல்லை. ஆனால், உங்களுள் சிலர் வழக்கறிஞராகவும், மருத்துவராகவும், தாதியாகவும், நீதிமன்ற மொழிபெயர்ப்பாளராகவும் ஆவீர்கள். வெளிநாட்டிலிருந்து வந்த தமிழ்த் தொழிலாளர் ஒருவர் உங்கள்முன் நின்று ஒரு வாக்கியம் சொல்வார். அவரைச் சுற்றி அதை முழுதும் கேட்கக்கூடியவர் நீங்கள் ஒருவராகவே இருக்கக்கூடும். அப்போது, 'வேறு ஏதேனும் கேட்க வேண்டுமா?' என்று யாரேனும் வினவினால், கேட்க வேண்டியது உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

என் தந்தையார் இன்று இல்லை. கேவனா பாலத்தை நான் இன்னும் மாதம் ஒருமுறையேனும் நடந்து கடக்கிறேன். நீங்களும் ஒரு மாலை சென்று பாருங்கள். நடப்பவர்களை அது 150 ஆண்டுகளுக்கு மேலாகச் சுமந்துகொண்டிருக்கிறது.