அந்நியர் வீட்டு மேசை

(பொதுக்காலத்தின் 14-ஆம் ஞாயிறு – வானொலி மறையுரை)



இன்றைய நற்செய்தி லூக்கா 10-ஆம் அதிகாரத்திலிருந்து வருகிறது. ஆண்டவர் எழுபத்திரண்டு பேரை இருவர் இருவராக ஊர்களுக்கு அனுப்புகிறார். இந்தப் பகுதி வரும்போதெல்லாம் குருக்களாகிய நாங்கள் அறுவடையைப் பற்றியும் இறை அழைத்தலைப் பற்றியும் பேசிவிட்டுப் பீடத்துக்குத் திரும்பிவிடுவோம். நடுவில் ஒரு சின்னக் கட்டளை இருக்கிறது. போன வீட்டிலேயே தங்க வேண்டும், அவர்கள் தருவதைச் சாப்பிட வேண்டும், வீடு வீடாக மாறக் கூடாது. சாப்பாட்டைப் பற்றி மட்டும் ஆண்டவர் அடுத்தடுத்து இரண்டு முறை சொல்கிறார். ஏன் என்று நாங்கள் வெகுநாள் யோசித்ததே இல்லை. ஸ்பெயினில் ஒரு வீட்டில் தங்கிய பிறகுதான் அது உறைத்தது.

மேற்படிப்புக்காக அனுப்பப்பட்ட தமிழ்நாட்டுக் குருக்கள் மூன்று பேர் நாங்கள். பாடம் தொடங்கும் முன் மொழி படிக்கச் சலமன்கா நகருக்குப் போனோம். 1218-இல் தொடங்கிய பல்கலைக்கழகம் உள்ள பழைய ஊர் அது. மொழி படிக்க வருகிறவர்கள் ஊர்க்காரர் வீடுகளில் பணம் கட்டித் தங்குவது அங்கே வழக்கம். எங்களுக்கு வாய்த்தது எழுபது வயதைத் தாண்டிய ஒரு கைம்பெண்ணின் வீடு. அந்த அம்மாவுக்கு ஆங்கிலம் ஒரு சொல்லும் தெரியாது. எங்களுக்குத் தெரிந்த ஸ்பானிய மொழி, பாடப்புத்தகத்தின் முதல் நான்கு பக்கம்.

முதல் நாள் அவர் வீட்டுப் பொருள்களை ஒவ்வொன்றாகத் தொட்டுப் பெயர் சொல்லிக்கொண்டே வந்தார். சாப்பாட்டு மேசையைத் தட்டி "மேசா" என்றார். நாங்கள் மூவரும் ஒரே குரலில் "மேசை!" என்று கத்தினோம். போர்த்துக்கீசியர் கொண்டுவந்த சொல் நம் ஊரில் நானூறு ஆண்டுகளுக்கு மேலாகப் புழங்குகிறது என்பதை அந்த அம்மாவுக்கு விளக்க எங்களிடம் மொழி இல்லை. ஆனால் அவர் முகம் மலர்ந்துவிட்டது. பாதிரியார் என்று நாம் சொல்கிறோமே, அதுவும் அவர்களுடைய "பாத்ரே"தான். அவரோ எங்களைப் பாத்ரே என்று கூப்பிடவே இல்லை. "இஹோ" என்றார். மகனே என்று பொருள்.

சாப்பாடுதான் சோதனை. மதிய உணவு மூன்று மணிக்கு. இரவு உணவு பத்து மணிக்கு. ஜூலை மாதத்தில் அங்கே அப்போதுதான் இருட்டத் தொடங்கும். ஏழு மணிக்கே நம் வயிறு கூப்பாடு போடும். உருளைக்கிழங்கும் முட்டையும் சேர்த்த தடித்த அடை, இறைச்சி போட்டு வேகவைத்த பருப்பு, எல்லாவற்றுக்கும் ரொட்டி. மிளகாய் என்ற பேச்சே இல்லை. திருமங்கலத்தில் வாங்கிப்போன எலுமிச்சை ஊறுகாய் பாட்டில் ஒன்று எங்களிடம் இருந்தது. அதை அறையில் ஒளித்து வைத்து, ரொட்டியைக் கைக்குட்டையில் மறைத்து எடுத்துப் போய்த் தொட்டுத் தின்றோம். குருக்கள் செய்கிற வேலையா இது என்று கேட்காதீர்கள்; பசி அப்படி.

மூன்றாம் வாரம் அறையைக் கூட்ட வந்தவர் கண்ணில் பாட்டில் பட்டுவிட்டது. அன்று மதியம் அவர் பேசவில்லை. பரிமாறினார், உட்கார்ந்தார், தட்டைப் பார்த்துக்கொண்டே இருந்தார். தன் கைச்சோறு பிடிக்கவில்லை என்று நினைத்துவிட்டார். அவர் எங்களிடம் வாங்கியது வாடகைப் பணம். ஆனால் மனவருத்தம் வாடகைக்கு விட்டவருக்கு வருகிற வருத்தம் அல்ல. தாய்க்கு வருகிற வருத்தம். எங்களில் மூத்தவர் எழுந்துபோய்ப் பாட்டிலைக் கொண்டுவந்து மேசைமேல் வைத்தார். அந்த அம்மா கரண்டி நுனியில் எடுத்து வாயில் வைத்தார். கண்ணில் தண்ணீர் கொட்டியது. இருமி முடித்துவிட்டுச் சிரித்தார். அன்று முதல் அந்தப் பாட்டில் உப்புக் குடுவைக்குப் பக்கத்திலேயே இருந்தது.

சாப்பிட்டு முடித்ததும் அங்கே யாரும் எழுந்து போவதில்லை. தட்டுகள் காயும்வரை பேசுவார்கள். எங்கள் மொழி வளர்ந்தது வகுப்பில் அல்ல, அந்த ஒரு மணி நேரத்தில்தான். ஒரு நாள் "களைப்பாக இருக்கிறது" என்று சொல்ல நினைத்து, "கன்சாதோ" என்பதற்குப் பதில் எங்களில் ஒருவர் "கசாதோ" என்று சொல்லிவிட்டார். "எனக்குக் கல்யாணம் ஆகிவிட்டது" என்று அதற்குப் பொருள்! அந்த அம்மா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். பிறகு சொல்லை மூன்று முறை திருப்பிச் சொல்லவைத்துத் திருத்தினார்.

புனித இஞ்ஞாசியார் முப்பது வயதைத் தாண்டிய பின் பார்சலோனாவில் சிறுவர்களோடு உட்கார்ந்து இலத்தீன் படித்தார். அவருக்குத் தங்க இடம் தந்தவர் இனெஸ் பஸ்குவால் என்ற பெண்மணி. புனித சவேரியார் 1542-இல் நம் முத்துக்குளித்துறைக்கு வந்தபோது தமிழ் தெரியாது. அவருடைய தாய்மொழி பாஸ்க். இரண்டு மொழியும் தெரிந்தவர்களைத் தேடிப் பிடித்து, செபங்களைத் தமிழில் ஆக்கி, மனப்பாடம் செய்ததாக அவரே 1544-இல் கடிதம் எழுதியிருக்கிறார். அவருடைய புதுமைகளைப் பற்றி நாம் நிறையப் பேசுகிறோம். அவர் நம் மக்களிடம் மாணவராக நின்றதைப் பற்றி அவ்வளவாகப் பேசுவதில்லை. அவருடைய தமிழைக் கேட்டு நம் முன்னோர் சிரித்திருப்பார்கள். திருத்தியும் இருப்பார்கள்.

இப்போது கப்பலூருக்கு வருவோம். சிட்கோ தொழிற்பேட்டையில் வேலை பார்க்கும் வடமாநிலத் தம்பிகள் சிலர் ஞாயிறு பூசைக்கு வருகிறார்கள். ஜார்க்கண்டுக் கத்தோலிக்கர்கள். கடைசித் தூணருகே நிற்பார்கள். நம் பாட்டு அவர்களுக்குத் தெரியாது, மறையுரையும் புரியாது. முழந்தாளிட வேண்டிய நேரம் மட்டும் தவறாது.

அவர்களில் ஒருவர் சென்ற ஆண்டு பூசை முடிந்ததும் சக்ரீஸ்துவுக்கு வந்தார். கையில் நூறு ரூபாயும் இந்தியில் எழுதிய ஒரு துண்டுக் காகிதமும். "அப்பா, பூசை" என்று இரண்டே சொல். வேலைக்குச் சிபாரிசு கேட்கிறார் என்று ஒருவர் சொன்னார். சான்றிதழ் கேட்கிறார் என்று இன்னொருவர். அவர் பேச்சைக் கேட்டுப் பீடச் சிறுவர்கள் சிரித்தார்கள். நாமும் புன்னகைத்து, தோளில் தட்டி அனுப்பிவிட்டோம். அடுத்த ஞாயிறும் வந்தார். அதற்கடுத்த ஞாயிறும் வந்தார். ராஞ்சியில் பணி செய்த அருள்சகோதரி ஒருவர் அன்று தற்செயலாக வந்திருந்தார். காகிதத்தை வாங்கிப் படித்தார். அவருடைய தகப்பனார் ஊரில் இறந்துபோயிருக்கிறார். அடக்கத்துக்குப் போக முடியவில்லை. அப்பாவின் ஆன்மாவுக்காக ஒரு பூசை கேட்டிருக்கிறார். மூன்று வாரமாகக் கேட்டிருக்கிறார்.

அந்த வாரமே பூசை வைத்தோம். பெயரைத் தப்பில்லாமல் வாசிக்க அந்தச் சகோதரியிடம் நான்கு முறை சொல்லிப் பார்த்தோம். அவர் முன்வரிசையில் முழந்தாளிட்டிருந்தார். பூசை முடிந்ததும் கைகுவித்தார், தொழிற்பேட்டைப் பக்கம் நடந்தார். அவரை யாரும் சாப்பிடக் கூப்பிடவில்லை. பங்கு இல்லத்தில் அன்று நமக்குச் சோறு ஆகியிருந்தது, நாமும் கூப்பிடவில்லை. சலமன்காவின் நினைவு வந்ததே அன்று இரவு தட்டின் முன்னால் உட்கார்ந்தபோதுதான்.

இந்த உரையைப் பதிவு செய்வதற்கு முந்தின ஞாயிறு அந்தத் தம்பியும் கூட்டாளிகள் இருவரும் பங்கு இல்லத்துக்குச் சாப்பிட வந்தார்கள். சாம்பாரைச் சோற்றில் ஊற்றியதும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். சட்டைப் பையிலிருந்து ஒரு பச்சை மிளகாயை மெல்ல எடுத்து, மேசைக்குக் கீழே வைத்துக்கொண்டார் ஒருவர். "மேலே வை தம்பி" என்றோம். தமிழ் புரியவில்லை. மேசையைத் தட்டிக் காட்டினோம்.