ஈரவிரல் கற்பிக்கும் பாடம்

டிரான்சிஸ்டர் என்றதும் நம் வீட்டு முதியோர்க்கு நினைவில் எழுவது கையடக்கமான வானொலிப் பெட்டியே. உண்மையில் அப்பெயர் பெட்டிக்கு உரியதன்று. அதனுள் அமைந்த ஒரு சிற்றுறுப்புக்கே உரியது. 1947 டிசம்பரில் அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடத்தில் பார்டீன், பிராட்டைன் என்னும் இருவர் அதனை முதன்முதல் இயக்கிக் காட்டினர். அவ்விருவரும் ஷாக்லியும் 1956இல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டனர். அவ்வுறுப்பைக் கொண்டு வீட்டு மேசைமேல் செய்யத்தக்க ஒரு சோதனையை இன்று காண்போம்.

வேண்டுவன சிலவே. 9 வோல்ட் பாட்டரி ஒன்று, சிவப்பு எல்.இ.டி. விளக்கு ஒன்று, பி.சி. 547 என்னும் டிரான்சிஸ்டர் ஒன்று, 470 ஓம், 10,000 ஓம் அளவுள்ள மின்தடைகள் ஒவ்வொன்று, சிறிது கம்பி.

முதலில் டிரான்சிஸ்டர் இல்லாமலே தொடங்குவோம். பாட்டரியின் நேர்முனை, 470 ஓம் மின்தடை, விளக்கின் நீண்ட கால், குட்டைக் கால், எதிர்முனை என வரிசையாக இணைத்தால் விளக்கு எரியும். மின்தடை எதற்கு? விளக்கு ஏறத்தாழ 2 வோல்ட்டை ஏற்கும். எஞ்சிய 7 வோல்ட்டை 470ஆல் வகுத்தால் 15 மில்லி ஆம்பியர் வரும். அது விளக்குக்கு ஏற்ற அளவு. மின்தடையை விட்டுவிட்டால் விளக்கு கணத்தில் கெட்டுவிடும். ஜெர்மானிய அறிஞர் ஓம் 1827இல் வெளியிட்ட விதியே இங்குக் கணக்காக நிற்கிறது.

இப்போது சுற்றின் ஓரிடத்தைத் துண்டித்து, இரு கம்பி முனைகளையும் ஒரே விரலால் இணையுங்கள். பகல் வெளிச்சத்தில் விளக்கு எரிவதாகவே தோன்றாது. நம் தோலும் ஒரு மின்தடையே. உலர்ந்த நிலையில் அது பல லட்சம் ஓம் வரை இருக்கக்கூடும்.

இங்கேதான் டிரான்சிஸ்டர் துணைக்கு வருகிறது. அதன் தட்டையான முகம் நம்மை நோக்க, கால்கள் கீழ்நோக்கி இருக்கப் பிடித்தால், இடப்புறம் கலெக்டர், நடுவில் பேஸ், வலப்புறம் எமிட்டர். விளக்கின் குட்டைக் காலைக் கலெக்டரோடும், எமிட்டரை எதிர்முனையோடும் இணையுங்கள். பேஸுக்கு 10,000 ஓம் மின்தடை வழியாக ஒரு கம்பி. நேர்முனையிலிருந்து மற்றொரு கம்பி. கம்பிகள் தற்செயலாக ஒன்றையொன்று தொட்டுவிட்டாலும் டிரான்சிஸ்டர் பழுதாகாமல் காப்பது அம்மின்தடை.

அவ்விரு கம்பிகளின் முனைகளையும் விரலால் அழுத்துங்கள். விளக்கு ஒளிர்வதைக் காண்பீர்கள். விரல்வழிச் சென்ற சிறு மின்னோட்டம், கலெக்டர் வழியே அதனினும் நூறு மடங்குக்கு மேற்பட்ட மின்னோட்டத்தைச் செல்லவிடுகிறது. மெலிந்த வானொலி அலையைச் செவிக்கு எட்டும் ஒலியாக்கியதும் இவ்வாற்றலே.

அடுத்து, விரலைத் தண்ணீரில் நனைத்து மீண்டும் தொடுங்கள். ஒளி மிகுந்துவிடும்! பாட்டரி மாறவில்லை, சுற்றும் மாறவில்லை, தோலின் தடை மட்டுமே குறைந்தது.

நேயர்களே, இந்த ஒளியைச் சற்றே சிந்தித்துப் பாருங்கள். 9 வோல்ட்டில் அது விளையாட்டு. நம் வீட்டுச் சுவரிலுள்ள மின்சாரமோ 230 வோல்ட். ஈரக்கையால் ஸ்விட்சைத் தொடாதே என்று அன்னையர் பன்முறை கூறியதன் காரணம் இச்சிறு விளக்கில் தெரிகிறதன்றோ? ஆகவே இச்சோதனைகளைப் பாட்டரியோடு மட்டுமே செய்தல் வேண்டும். வீட்டு மின்சாரத்தை ஒருபோதும் இதற்குப் பயன்படுத்தலாகாது.

ஓம் விதியைத் தேர்வுக்காக மனப்பாடம் செய்யும் சிறுவன் தேர்வு முடிந்ததும் அதனை மறக்கலாம். தன் விரலே மின்தடையாக நின்று விளக்கை மங்கச்செய்ததையும் மிளிரச்செய்ததையும் கண்ட சிறுவன் எளிதில் மறவான். அவன் ஈரக்கையோடு ஸ்விட்சை நாடும் வேளையில், அந்நினைவு அவன் கையைத் தடுத்து நிறுத்தும்.