மலைத்தழையும் நம் வயலும்



சென்ற கார் பருவத்தில் பாபநாசத்துக்குக் கீழே ஒரு கிராமத்துக்குப் போயிருந்தேன. வரப்பில் நின்ற பெரியவர் ஒருவர் மேற்கே மலையைக் காட்டிக் கேட்டார்: "ஏன் சார், புலியைக் காப்பாத்தணும்னு சொல்றீங்க, சரி. அங்க கெடக்கிற செடி கொடியில ரெண்டு கட்டு தழை அறுத்தா என்ன கொறஞ்சு போகும்? எங்க அப்பா காலத்துல நடவுக்கு மலைத்தழைதானே போட்டோம்?" நியாயமான கேள்விதான். இன்று அதைப் பற்றித்தான் பேசப் போகிறேன்.

அவர் காட்டியது களக்காடு–முண்டந்துறை மலை. 1962-இல் முண்டந்துறையும் 1976-இல் களக்காடும் சரணாலயங்களாயின. 1988-இல் இரண்டையும் சேர்த்துப் புலிகள் காப்பகமாக்கினார்கள். பெயரில்தான் புலி, அங்குள்ள பெரிய சொத்து செடியும் மரமும்தான். கேரளத்துப் பக்கத்தையும் சேர்த்து அகத்தியமலைப் பகுதி முழுவதிலும் 2,254 வகை உயர்நிலைத் தாவரங்கள் உண்டு என்று கணக்கு. அவற்றில் சுமார் 400 இந்தப் பகுதிக்கே உரியவை. அகத்தியமலையில் மட்டும் பூக்கும் செருப்பு வடிவ ஆர்க்கிட் ஒன்று, அழகுக்காகப் பிடுங்கிப் பிடுங்கியே அருகிப் போய்விட்டது.

சரி, தழைக்கு வருவோம். மழைக்காட்டின் தரையில் சருகும் மக்கும் வேரும் பின்னிக் கிடக்கின்றன. பெய்கிற மழையை அவை பிடித்து மண்ணுக்குள் இறக்கி, மெல்ல மெல்ல ஓடையில் விடுகின்றன. மழை நின்ற தை, மாசியிலும் தாமிரபரணி ஓடுவதும், நாம் காரும் பிசானமுமாக இரண்டு பூ எடுப்பதும் இதனால்தான். தழைக்குப் போகிறவர் வானளவு மரத்தில் ஏறுவதில்லை. கைக்கெட்டும் இளங்கன்றைத்தான் ஒடிக்கிறார். கிழமரம் சாயும்போது அந்த இடத்துக்கு வர வாரிசு இல்லாமல் போகிறது. வெயில் விழுந்த இடத்தில் உண்ணிச்செடி புகுந்துகொள்கிறது. பங்குனியில் ஒரு பீடித் துண்டு போதும், பற்றிக்கொள்ளும். ஒருவர் ரெண்டு கட்டு அறுத்தால் ஒன்றுமில்லை, ஊரே அறுத்தால்?

இன்னொன்றும் உண்டு. 1970-களில் ஆசிய நாடுகளில் புகையான் பூச்சி பரப்பிய புல்குட்டை நோய் நெல்லை அழித்தது. பிலிப்பைன்ஸிலுள்ள சர்வதேச நெல் ஆராய்ச்சி நிலையம் ஆறாயிரத்துக்கு மேற்பட்ட நெல் மாதிரிகளைச் சோதித்தது. எதிர்ப்புச் சக்தி கிடைத்தது ஒன்றே ஒன்றில், அதுவும் உத்தரப் பிரதேசத்துக் காட்டு நெல்லில். அதை ஒட்டிப் பிறந்ததுதான் ஐ.ஆர். 36, நம்மில் பலர் பயிரிட்ட ரகம். வெறும் களை என்று யாராவது அதைப் பிடுங்கி எறிந்திருந்தால்? மேற்குத் தொடர்ச்சி மலைக் காடுகளில் மிளகு, ஏலம், மா, ஜாதிக்காய் ஆகியவற்றின் காட்டு உறவுகள் நிற்கின்றன. எந்தக் கொடியில் எந்த நோய்க்கு மருந்து இருக்கிறதென்று இன்று யாரும் சொல்ல முடியாது.

அப்படியானால் நடவுக்குத் தழை? சித்திரைக் கோடைமழை ஈரத்தில் ஏக்கருக்கு 20 கிலோ தக்கைப்பூண்டு விதையுங்கள். 45 நாளில், பூக்கும் தருணத்தில், மடக்கி உழுதுவிடுங்கள். ஏக்கருக்குப் பத்து டன் வரை பசுந்தழை கிடைக்கும். மலையிலிருந்து இத்தனை தழை சுமக்க எத்தனை நாள், எத்தனை கூலி! மழைக்காலத்தில் வரப்போரம் கிளைரிசிடியா போத்து நட்டால் இரண்டு வருடத்தில் தழை வெட்டலாம்; வெட்ட வெட்டத் துளிர்க்கும். அதே பெரியவர், "மொதல்ல அரை ஏக்கர்ல போட்டுப் பாக்கேன்" என்றார். அரை ஏக்கர் போதும்.

ஆடி அமாவாசைக்குச் சொரிமுத்து அய்யனார் கோயிலுக்குப் போகிறவர்களுக்கும் ஒரு வார்த்தை. பொங்கலுக்குப் பச்சை மரத்தை ஒடிக்காமல், விறகை வீட்டிலிருந்தே கொண்டு போங்கள். பாலிதீன் பையை ஆற்றில் விட்டுவராதீர்கள். அந்தத் தண்ணீர் மூன்றாம் நாள் நம் வாய்க்காலில்தான் வரும்.

தக்கைப்பூண்டு விதைக்குப் பங்குனியிலேயே உங்கள் வேளாண்மை விரிவாக்க மையத்தில் சொல்லி வையுங்கள். கடைசி நேரத்தில் கேட்டால் கிடைப்பது சிரமம்.