கேமரா எதைப் பார்க்கட்டும்?

 

நம் விருத்தாசலம் பீங்கான் பட்டறைகளில் முதலாளியாக இருப்பவர்களும் கூலிக்குப் போகிறவர்களும் இங்கே பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறீர்கள். இருவருக்கும் ஒரு சொல்.

யார் சும்மா இருக்கிறார் என்று பார்க்கத்தான் கேமரா மாட்டுகிறோம். நானும் அப்படித்தான் மாட்டினேன். பதிவைப் பார்த்தபோது வெட்கமாகிவிட்டது. மெதுவாக வேலை செய்கிறார் என்று நான் திட்டிய தம்பி, அச்சில் போட மண் எடுக்க ஒவ்வொரு முறையும் தரைக்குக் குனிந்து எழுந்துகொண்டிருந்தார்.

அமெரிக்காவில் கொத்து வேலை பார்த்த பிராங்க் கில்பிரத், ஒரு செங்கல் வைக்க 18 அசைவுகள் ஆவதைக் கண்டார். கல்லையும் சாந்தையும் கைக்கு எட்டும் உயரத்தில் வைத்து, அதைச் சுமார் ஐந்தாகக் குறைத்தார். பின்னர் 1912இல் இயந்திரப் பட்டறை வேலையைக் கடிகாரத்தோடு சேர்த்துப் படமெடுத்து ஆராய்ந்தார்.

நானும் மண் தட்டை உயர்த்தி வைத்தேன். விரல் அச்சுக்கு எவ்வளவு அருகே போகிறது என்பதையும் படத்தில் பாருங்கள்.

சொல்லிவிட்டு எடுங்கள், எடுத்ததை வேலை செய்பவருக்கே முதலில் காட்டுங்கள். உடை மாற்றும் இடத்தில் கேமரா கூடாது. பதிவு ஓர் அமானிதம். கூலியைப் பிடிக்க வேண்டாம். விரலைக் காக்கப் பயன்படட்டும்.