குசினி அலுமாரி வாங்குமுன்



சென்ற மாத நிகழ்ச்சி முடிந்த கையோடு ஒரு தங்கச்சி தொலைபேசி எடுத்தா. "அண்ணை, வாடகை வீட்டுக்குக் குசினி அலுமாரி செய்விக்கலாமோ? இவர் வேண்டாமெண்டு நிக்கிறார். எனக்கெண்டால் காட்போட் பெட்டிக்குள்ள இருந்து சட்டி எடுத்தெடுத்து அலுத்துப் போச்சு" என்றா. அவர் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது, தங்கச்சி சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. ஆகவே இன்றைய உரையை இதற்கே ஒதுக்குகிறேன்.

முதலில் என் சொந்தக் கணக்கு. 2010இல் டுபாயில் ஒரு பழைய கட்டடத்தில் குடியேறினோம். குசினியில் ஒரு கழுவு தொட்டியைத் தவிர வேறொன்றும் இல்லை. ஊரிலும் சரியாக இருந்து சமைக்கவில்லை, இங்கேயாவது ஒழுங்காக ஒரு குசினி வேண்டும் என்று மனைவி ஆசைப்பட்டா. எனக்கும் அந்த ஆசை இருந்தது. 7,200 திர்ஹம் கொடுத்து, சுவரோடு சேர்த்து மேலும் கீழும் அலுமாரி அடிப்பித்தோம். பதினெட்டு மாதத்தில் வேலை மாறி, வீடும் மாற வேண்டி வந்தது. கழற்றப் போனபோது வீட்டுக்காரரின் ஆள் வந்து, "சுவரில் அடித்தது வீட்டோடு சேர்ந்தது" என்றார். 7,200ஐப் பதினெட்டால் பிரித்துப் பாருங்கள். மாதம் 400 திர்ஹம். வாடகைக்கு மேலே, எனக்குத் தெரியாமலே நான் கட்டிய இன்னொரு வாடகை அது.

கோபம் வந்தது. பிறகு சட்டத்தை எடுத்து வாசித்தேன். டுபாயின் 2007ஆம் ஆண்டு 26ஆம் இலக்க வாடகைச் சட்டத்தின் 23ஆம் பிரிவு, வேறு உடன்பாடு இல்லாவிட்டால் வாடகைக்காரர் தாம் செய்த நிலையான மேம்பாடுகளை வெளியேறும்போது எடுத்துச் செல்ல முடியாது என்கிறது. வீட்டுக்காரரின் அனுமதியின்றி வீட்டில் மாற்றம் செய்யக்கூடாது என்கிறது 19ஆம் பிரிவு. மற்றைய எமிரேற்றுகளுக்கும் மற்றைய வளைகுடா நாடுகளுக்கும் வேறு வேறு சட்டம், வேறு வழக்கம். சவூதியில் பல வாடகை வீடுகள் குசினி அலுமாரி இல்லாமலேதான் கிடைக்கும். குடியிருப்பவர் தாமே போட்டு, போகும்போது கழற்றிக்கொண்டு போவார், அல்லது அடுத்து வருபவருக்கு விற்பார். எங்கே இருந்தாலும் பாடம் ஒன்றுதான். "வேறு உடன்பாடு" என்ற அந்தச் சொல்லை எழுத்தில் வாங்குங்கள். "இந்த அலுமாரிகள் வாடகைக்காரருக்குச் சொந்தம், கழற்றி எடுக்கலாம், துளைகளை அடைத்துக் கொடுக்க வேண்டும்" என்று இரண்டு வரி, ஒரு கையொப்பம். வாயால் சொன்னது போதாது.

எழுத்தில் தராவிட்டால் சுவரில் அடிக்காதீர்கள். காலில் நிற்கும் தனித்தனி அலுமாரிகளாக வாங்குங்கள். 2012இல் நாங்கள் அப்படித்தான் 3,600 திர்ஹத்துக்கு வாங்கினோம். பத்து வருடத்தில் மூன்று வீடு அதோடு மாறினோம். ஏற்றி இறக்கிய கூலியைச் சேர்த்தாலும் மாதம் 40 திர்ஹத்தைத் தாண்டவில்லை. ஒரு எச்சரிக்கை: உயரமான அலுமாரி குழந்தைகள் மேல் சாயக்கூடும். அதைமட்டும் அனுமதி கேட்டு, ஓர் இரும்புத் தகட்டால் சுவரோடு பிணைத்து விடுங்கள்.

இனிப் பலகை. பளபளப்பைப் பார்த்து ஏமாறவேண்டாம். மரத்தூளை அழுத்திச் செய்யும் சிப்போட் மலிவு. ஆனால் வெட்டிய விளிம்பால் தண்ணீர் உள்ளே போனால் ஊதிவிடும், பிறகு சரிவராது. எம்.டி.எவ். பலகையும் சாதாரண ரகமென்றால் அப்படியே. ஈரம் தாங்கும் ரகத்தின் உள்ளே பச்சை நிறம் தெரியும். ஆனால் பச்சை வெறும் சாயம், அதுமட்டும் சாட்சியல்ல. பட்டறையில் ஒரு துண்டுப் பலகை கேட்டு வாங்கி, தடிப்பை அளந்து, ஓர் இரவு தண்ணீரில் போட்டுவிட்டுக் காலையில் மறுபடி அளந்து பாருங்கள். விற்பவர் சொல்லாததை அது சொல்லும்.

கழுவு தொட்டிக்குக் கீழே வரும் அலுமாரிக்கு நல்ல பிளைவூட் அல்லது அலுமினியம் போடுங்கள். காசு போதாவிட்டால் மற்ற இடத்தில் குறையுங்கள், அங்கே குறைக்காதீர்கள். விளிம்புப் பட்டி நாலு பக்கமும் ஒட்டியிருக்கிறதா, பிணைச்சல் துருப்பிடிக்காததா, லாச்சி பாரம் வைத்தும் இழுபடுகிறதா என்று கையால் பாருங்கள்.

குளியலறையில் நாங்கள் தண்ணீர் ஊற்றிக் கழுவுகிறவர்கள். அங்கே நிலத்தில் முட்டும் அலுமாரி ஆகாது. பி.வி.சி. அல்லது அலுமினியத்தில், நிலத்திலிருந்து ஒரு சாண் உயரத்தில் இருக்கட்டும். கோடை லீவுக்குக் குளிரூட்டியை நிறுத்திவிட்டு ஊருக்குப் போகும்போது எல்லா அலுமாரிக் கதவுகளையும் திறந்து வைத்துவிட்டுப் போங்கள். புழுக்கத்தில் பூஞ்சணம் பிடிப்பது பெரும்பாலும் மூடிய அலுமாரிக்குள்தான்.

கடைசியாகக் கடுதாசி. சார்ஜா தொழிற்பேட்டைப் பட்டறையில் செய்வித்தாலும் பெரிய கடையில் வாங்கினாலும், பலகையின் பெயர், தடிப்பு, பிணைச்சலின் வகை, பூட்டும் கூலி, குழாய் இணைப்பு யார் பொறுப்பு, முடிக்கும் திகதி எல்லாம் விலைப்பட்டியலில் இருக்கவேண்டும். அமீரகத்தில் 2018 ஜனவரி 1 முதல் 5 வீத வற் வரி இருக்கிறது. சொன்ன விலையில் அது அடங்குமா என்று முன்பே கேளுங்கள். வரி வாங்குகிறவரின் பற்றுச்சீட்டில் 15 இலக்க வரிப் பதிவு எண் இருக்கவேண்டும். முழுக் காசையும் முன்கூட்டிக் கொடுக்காதீர்கள். கடைசிப் பங்கை, கதவெல்லாம் திறந்து மூடிப் பார்த்த பிறகே கொடுங்கள்.

தங்கச்சி, ஒன்று சொல்லி முடிக்கிறேன். 1995 ஒக்டோபர் 30 இரவு வலிகாமத்தை விட்டு வெளிக்கிட்டபோது, அம்மா தன் முதிரை அலுமாரியைப் பூட்டி, திறப்பைச் சேலைத் தலைப்பில் முடிந்துகொண்டு வந்தா. அடுத்த வருடம் திரும்பிப் போனபோது அலுமாரி இருந்த இடத்தில் வெறும் சுவர். திறப்பு இப்போதும் என்னிடம் இருக்கிறது. எங்கள் வீட்டுப் பெண்கள் ஓர் அலுமாரிக்கு ஆசைப்படுவது ஆடம்பரம் அல்ல என்று எனக்குத் தெரியும். அதனால்தான் வேண்டாமென்று நான் சொல்லவில்லை. வாங்குங்கள், பெட்டிகளைத் தூக்கிப் போடுங்கள். ஆனால் இந்தமுறை, போகும்போது கூடவே எடுத்துச் செல்லக்கூடியதாக வாங்குங்கள்.

அடுத்த மாதம் சந்திப்போம்.